படர்தாமரை: கிரீம் போட்டதும் போய்விட்டு மீண்டும் மீண்டும் வருவது ஏன்? மெடிக்கல் ஷாப்பில் டியூப் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள மணவாள நகரில் ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். தடித்த துணியில் யூனிஃபார்ம், காலில் சேஃப்டி ஷூ, இடுப்பில் இறுக்கமான பெல்ட். எட்டு மணி நேரம் இயந்திரச் சூட்டில் நின்று வேலை பார்த்துவிட்டு அதே வியர்வையோடு வீடு திரும்புகிறார்கள். காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் என மாவட்டத்தின் எந்தத் தொழிற்பேட்டையை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான்.

இப்படி வேலை பார்ப்பவர்களில் பலருக்கு வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தொல்லை உண்டு. தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், அக்குள் ஆகிய இடங்களில் வட்ட வட்டமாகப் படை, தூங்க விடாத அரிப்பு. டாக்டரிடம் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்ற கவலையில், "அண்ணா, அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. சில நாளில் அதே இடத்தில் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. மறுபடியும் அதே டியூப்.

"உடம்புச் சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு", "கத்தரிக்காய் சாப்பிட்டதுதான் காரணம்" என்று இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் பல நேரங்களில் காரணம் அந்த டியூப்புக்குள்ளேயே இருக்கிறது. அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு, நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுக்கிறது. இது எப்படி நடக்கிறது, டியூப்பில் எதைப் பார்க்க வேண்டும், சரியான சிகிச்சை என்ன? விரிவாகப் பார்ப்போம்.

படர்தாமரை என்றால் என்ன?

இது பூஞ்சைத் தொற்று. நம் தோலின் மேல் அடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்று வளரும் பூஞ்சைகள்தான் படர்தாமரைக்குக் காரணம். ஆங்கிலத்தில் 'ரிங்வார்ம்' என்று சொன்னாலும் இதற்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை. சில ஊர்களில் இதை 'வண்டுகடி' என்பார்கள். வண்டுக்கும் சம்பந்தமில்லை.

பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாகப் படர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஓரம் சிவந்து, லேசாகத் தடித்து, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி ஆறியதுபோலத் தெரியும். தொற்று ஏற்பட்டு 4 முதல் 14 நாட்களில் பொதுவாக அறிகுறி தெரியவரும்.

தேமல், சொறி, சேற்றுப்புண் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பலர் தவறான மருந்து வாங்குகிறார்கள்.

தேமல்: மார்பு, முதுகு, கழுத்தில் வெளிர் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ திட்டுகளாக வரும். இதற்கும் ஒரு வகைப் பூஞ்சைதான் காரணம் என்றாலும் அது வேறு இனம். அரிப்பு குறைவு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் படர்தாமரை மாதிரி ஒட்டாது.

சொறி சிரங்கு: கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கும். இரவில் அரிப்பு அதிகமாகும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இருக்கும். பூஞ்சை மருந்து இதற்கு வேலை செய்யாது.

சேற்றுப்புண்: கால்விரல் இடுக்கில் தோல் ஊறி, வெடித்து, நாற்றமடிக்கும். இது பெரும்பாலும் படர்தாமரைப் பூஞ்சைகளாலேயே வருகிறது. நாள் முழுக்க மூடிய ஷூ போடுபவர்களுக்கு அதிகம். காலில் இருக்கும் பூஞ்சை உள்ளாடை அணியும்போது தொடை இடுக்குக்கும் போய்ச் சேரும்.

எக்ஸிமா, சோரியாசிஸ்: இவை தொற்றுநோய்கள் அல்ல. ஆனால் பார்ப்பதற்குச் சில நேரம் படர்தாமரை போலவே இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்வது தோல் மருத்துவருக்கே சில சமயம் கடினம் என்பதால்தான் பரிசோதனை தேவைப்படுகிறது.

தொழிற்சாலைப் பகுதிகளில் ஏன் எளிதாகப் பரவுகிறது?

பூஞ்சைக்குத் தேவை ஈரம், சூடு, உராய்வு. சென்னையை ஒட்டிய வட்டாரத்தின் புழுக்கத்தில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. மீதியை வேலைச் சூழல் கொடுத்துவிடுகிறது. பாலியஸ்டர் கலந்த யூனிஃபார்ம் வியர்வையை உறிஞ்சாது. ஜீன்ஸ் பேன்ட் நனைந்தால் சீக்கிரம் காயாது. பெண்களுக்கு லெக்கிங்ஸ், பாவாடை நாடா கட்டும் இடுப்புப் பகுதி, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகியவை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

அடுத்தது தங்குமிடம். ஒரே அறையில் ஆறு, ஏழு பேர் தங்கி வேலைக்குப் போகும் இடங்களில், ஒருவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியதும் அதே பாயில், அதே பெட்ஷீட்டில் இன்னொருவர் படுக்கிறார். துண்டு, கைலி, சோப்பு எல்லாம் பொதுவாகப் புழங்கும். துணி காய ஒரே கொடி, அதுவும் வெயில் படாத மாடிப்படிக்குக் கீழே. பூஞ்சையின் நுண்வித்துகள் துணியிலும் உதிர்ந்த தோல் செதில்களிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. ஒருவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

இதில் அசிங்கப்பட ஒன்றுமில்லை. இது தப்பான பழக்கத்தால் வரும் நோய் அல்ல. தினமும் இரண்டு முறை குளிப்பவருக்கும் வரும்.

கிரீம் போட்டால் உடனே அடங்குவது எப்படி? பிறகு ஏன் திரும்புகிறது?

அரிப்பும் சிவப்பும் உண்மையில் பூஞ்சை நேரடியாகச் செய்வதல்ல. பூஞ்சை உள்ளே வந்ததைக் கண்டு நம் உடலின் எதிர்ப்பு சக்தி நடத்தும் போராட்டம் அது. ஸ்டீராய்டு கிரீம் அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. சிவப்பு மறைகிறது, அரிப்பு நிற்கிறது. "அருமையான மருந்து" என்று தோன்றும்.

ஆனால் பூஞ்சை சாகவில்லை. தடுக்க ஆளில்லாத நிலையில் அது வசதியாகப் பரவுகிறது. கிரீமை நிறுத்தியதும் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்கிறது. இப்போது போராட வேண்டிய பரப்பு பெரிது என்பதால் அரிப்பும் முன்பைவிட அதிகம். மறுபடியும் கிரீம் போடுகிறோம். இந்தச் சுற்று மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை தன் வழக்கமான வட்ட வடிவத்தை இழந்துவிடும். ஓரம் தெளிவாக இருக்காது. வட்டத்துக்குள் வட்டமாகவோ, வெறும் கருத்த திட்டாகவோ, பருக்கள் போலவோ தெரியும். மருத்துவர்கள் இதை 'டீனியா இன்காக்னிட்டோ' என்கிறார்கள். அதாவது, மாறுவேடத்தில் இருக்கும் படை.

தொடர்ந்து போட்டால் வேறு என்ன ஆகும்?

தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்த நாளங்கள் தெரியும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு போன்ற அகலமான கோடுகள் விழும். படர்தாமரை ஆறினாலும் இந்தக் கோடுகள் முழுமையாக மறையாது. இருபது வயதுப் பையன்களுக்கும் இப்படி வருகிறது.

தொடை இடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் மெல்லியது. ஒன்றோடொன்று உரசி மூடியே இருப்பதால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். அதனால் பாதிப்பும் அங்கேதான் சீக்கிரம் வரும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டயப்பர் போடும் இடத்தில் வலிமையான ஸ்டீராய்டு கிரீமைத் தொடர்ந்து தடவினால், மருந்து ரத்தத்தில் கலந்து உடலின் ஹார்மோன் சமநிலையையே பாதிக்கக்கூடும். கண்ணைச் சுற்றி நீண்டகாலம் தடவினால் கண்ணின் உள் அழுத்தம் கூடலாம்.

அப்படியென்றால் ஸ்டீராய்டு கிரீம் கெட்டதா?

இல்லை. 1952-ல் அமெரிக்காவில் ஹைட்ரோகார்ட்டிசோன் தடவும் மருந்தாக முதன்முதலில் பலன் தந்தபோது, தோல் மருத்துவத்தில் அது ஒரு பெரிய திருப்பம். எக்ஸிமா, சோரியாசிஸ், கடுமையான ஒவ்வாமை போன்றவற்றுக்கு இன்றும் இது முக்கியமான மருந்து. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. படர்தாமரைக்குப் போடும்போதும், என்ன நோய் என்றே தெரியாமல் போடும்போதும்தான் பிரச்சினை.

டியூப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

பிராண்ட் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

கீழே உள்ள பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது:

• க்ளோபெட்டசால்
• பீட்டாமெத்தசோன்
• பெக்லோமெத்தசோன்
• மொமெட்டசோன்
• ஃப்ளூட்டிகசோன்
• ஹாலோபெட்டசால்
• ஃப்ளூஸினோலோன்
• ஹைட்ரோகார்ட்டிசோன்

இவற்றில் க்ளோபெட்டசால் மிக வலிமையான வகை. ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு சக்தி கொண்டது.

பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளின் பெயர்கள் வேறு: க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகொனசோல், லூலிகொனசோல், செர்டகொனசோல், டெர்பினாஃபின்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. க்ளோபெட்டசால், க்ளோட்ரிமசோல் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சை எதிர்ப்பு மருந்து. வாயால் சொல்லி வாங்கும்போது மாறிப்போக வாய்ப்பு அதிகம். சீட்டைக் காட்டியே வாங்குங்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது கலவை கிரீம்கள். ஒரே டியூப்பில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு என மூன்றும், சிலவற்றில் நான்கும் இருக்கும். "எதுவா இருந்தாலும் இது கேட்கும்" என்று தரப்படுவது பெரும்பாலும் இதுதான். 'பூஞ்சை மருந்தும் உள்ளே இருக்கிறதே' என்று கேட்கலாம். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கிக்கொண்டிருக்கும்போது, அரைகுறை நாட்களுக்குப் போடும் பூஞ்சை மருந்தால் முழுமையாக வேலை செய்ய முடியாது. தேவையில்லாமல் சேரும் பாக்டீரியா மருந்து வேறொரு தலைவலி. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

சீட்டு இல்லாமல் விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள் 'அட்டவணை ஹெச்' என்ற பட்டியலில் வருகின்றன. ஸ்டீராய்டு அந்தப் பட்டியலில் இருந்தாலும், தோலில் தடவும் வகைகளுக்கு நீண்டகாலம் விலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் இவை சோப்பு, ஷாம்பு மாதிரி சுலபமாகக் கைக்கு வந்தன.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கு எதிராகத் தனிக்குழுவே அமைத்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2018 மார்ச் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளிலும் ஸ்டீராய்டு கலந்த சில தோல் கிரீம்கள் இருந்தன.

எனவே டியூப்பிலோ அட்டையிலோ 'ஆர்எக்ஸ்' குறியீடும், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தால், அது நீங்களாக வாங்கிப் போட வேண்டிய மருந்தல்ல. பக்கத்து ரூம் நண்பருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீமை உங்களுக்குப் போட்டுக்கொள்வதும் அதே தப்புதான்.

முகம் வெளுக்க இந்த கிரீமைப் போடலாமா?

கூடாது. ஸ்டீராய்டு தோலின் நிறமியைக் குறைத்து, பருக்களின் சிவப்பை அடக்குவதால் முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும். அதை நம்பித்தான் கல்யாணத்துக்கு முன், ஃபங்ஷனுக்கு முன் என்று பெண்களும் ஆண்களும் இதைத் தடவுகிறார்கள்.

சில மாதங்களில் முகம் சிவந்து, பருக்கள் கொத்தாகக் கிளம்பி, தேவையற்ற முடி வளரும். வெயிலில் நின்றால் எரியும். கிரீமை நிறுத்தினால் முகமே பற்றி எரிவதுபோல் இருக்கும். அதற்குப் பயந்து மறுபடியும் போடுவார்கள்.

2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினைகளோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு அதைப் பரிந்துரைத்தது மருத்துவர் அல்ல. கடைக்காரர், நண்பர், உறவினர் சொல்லி வாங்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை இது காட்டுகிறது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்திவிடலாமா?

உடம்பில் படர்தாமரைக்குச் சில நாட்களோ வாரங்களோ போட்டவர்கள் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய பிறகு ஓரிரு வாரம் அரிப்பு அதிகமாகத் தெரியலாம். "மருந்தை நிறுத்தியதால்தான் கூடிவிட்டது" என்று பழைய டியூப்பை மறுபடியும் எடுக்காதீர்கள். இந்த நாட்களுக்கு அரிப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் தருவார்.

முகத்தில் மாதக்கணக்கில் போட்டவர்கள், பெரிய பரப்பில் நீண்டகாலம் போட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவர் வலிமை குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். மருத்துவரிடம் போகும்போது போட்ட டியூப் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. மறைக்க வேண்டாம்.

மருந்துக்கு அடங்காத புதிய பூஞ்சை

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை இரண்டு, மூன்று வாரம் பூஞ்சை கிரீம் போட்டால் படர்தாமரை போய்விடும். இப்போது நாடு முழுக்க அப்படிப் போவதில்லை என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள்.

இதற்குப் பின்னால் உள்ள பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் தனிப் பெயர் வைத்தார்கள்: 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே'. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் மருந்து தாக்க வேண்டிய நொதியையே இந்தப் பூஞ்சையின் பல வகைகள் மாற்றிக்கொண்டுவிட்டன. அதனால் மருந்து வேலை செய்வதில்லை.

இது இந்தியாவோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தத் தொற்று இருந்ததாக 2023 மே மாதம் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் வெளிநாடே போகாதவர்.

ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைக் கண்டபடி பயன்படுத்தியது இந்தப் பூஞ்சை பரவ முக்கியக் காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒருவர் தன் தொடையில் போட்டுக்கொள்ளும் கிரீம் ஊருக்கே வரும் தொற்றோடு சம்பந்தப்பட்டது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சரியான சிகிச்சை என்ன? எத்தனை நாள்?

சந்தேகம் இருந்தால் முதலில் கே.ஓ.ஹெச். பரிசோதனை. படையின் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, அந்தச் செதிலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது, ஊசி இல்லை, செலவும் குறைவு. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஓரிரு சிறிய திட்டுகள் என்றால் பூஞ்சை கிரீம் மட்டுமே போதும். நிறைய இடத்தில் இருந்தாலோ, ஸ்டீராய்டு போட்டுக் கெட்டுப்போனதாக இருந்தாலோ, தலையிலோ நகத்திலோ இருந்தாலோ மாத்திரை தேவைப்படும். கிரீம் போடும் முறையில் கவனிக்க வேண்டியவை:

• குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள்.
• திட்டின் மேல் மட்டுமல்ல, அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கும் சேர்த்துத் தடவுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி இருக்கும்.
• வெளியிலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள்.
• அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். தோல் சரியாகத் தெரிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.
• தடவியதும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மொத்தத்தில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பழைய, பரவிய படர்தாமரைக்கு இன்னும் அதிகமாகும். பலருக்கு நோய் திரும்புவது, பத்தாம் நாள் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதால்தான்.

மாத்திரையை மட்டும் ஒருபோதும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். படர்தாமரைக்குத் தரும் சில மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். இட்ராகொனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. அல்சருக்கான மருந்தோடு சேர்த்துப் போட்டால் இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் உடலில் சேராமலே போகலாம். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மஞ்சள், வேப்பிலை, சீமை அகத்தி போட்டால் போகுமா?

நம் ஊரில் படர்தாமரைக்குக் காலங்காலமாகச் சொல்லப்படுவது சீமை அகத்தி. 'வண்டுகொல்லி' என்ற பெயரும் உண்டு. மஞ்சள் நிறப் பூக்கள் மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும் செடி. இதன் இலைச்சாறு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகப் பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. மஞ்சள், வேம்பு, பூண்டு ஆகியவற்றுக்கும் அப்படிப்பட்ட தன்மை உண்டு.

ஆனால் கண்ணாடித் தட்டில் பூஞ்சையைத் தடுப்பதும், மனிதத் தோலில் வேரோடு அழிப்பதும் ஒன்றல்ல. மருந்துக்குப் பழகிவிட்ட இன்றைய படர்தாமரையை இவை மட்டுமே குணமாக்கும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால், அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவில் தகுதி பெற்ற மருத்துவரைப் பாருங்கள். யூடியூப் பார்த்து அரைத்துப் பூசாதீர்கள்.

சில கை வைத்தியங்கள் கெடுதலே செய்யும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். எலுமிச்சைச் சாறு, வினிகர், பிளீச்சிங் பவுடர் எல்லாம் தொடை இடுக்கில் புண்ணாக்கும். தரை துடைக்கும் கிருமிநாசினியைக் குளிக்கும் நீரில் கலப்பதும் வேண்டாம். மடிப்புகளில் எண்ணெயைத் தடவி வைத்தால் அந்த இடம் மேலும் ஊறிப்போகும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அந்த நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு தோல் வறண்டு அரிப்பு கூடும். சாதாரண சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போதும்.

'இயற்கை மருந்து' என்று டப்பாவில் அடைத்து விற்கும் களிம்புகளிலும் கவனம் தேவை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத, உரிம எண் இல்லாத எதையும் தோலில் போடாதீர்கள். "மூன்றே நாளில் மறையும்" என்று சொல்லும் களிம்பு என்றால் கூடுதல் சந்தேகம் நல்லது.

துணி, பாய், ஷூ: வீட்டில் செய்ய வேண்டியவை

மருந்து பாதி வேலையைத்தான் செய்யும். மீதி நம் கையில்.

• பாதிக்கப்பட்டவரின் உள்ளாடை, துண்டு, பெட்ஷீட்டைத் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். 60 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீர் பூஞ்சையைக் கொல்லும். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைக்கலாம்.
• உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் இல்லாத நாளில் அயர்ன் செய்யுங்கள்.
• உள்ளாடை பருத்தியில், கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். ஈரமான உள்ளாடையை ஒருபோதும் போடாதீர்கள்.
• வேலைக்குப் போகும்போது பையில் ஒரு மாற்று உள்ளாடையும் ஒரு ஜோடி சாக்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மாற்றிவிட்டு பஸ் ஏறலாம்.
• இரண்டு ஷூ இருந்தால் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றுதான் என்றால் இரவில் கயிற்றை அவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
• இடுப்பில் கட்டும் கருப்புக் கயிறு, அரைஞாண் ஆகியவற்றில் ஈரம் தங்கும். சிகிச்சை முடியும்வரை கழற்றி வைப்பது நல்லது.
• துண்டு, கைலி, சோப்பு, சீப்பு, ரேஸர் எதையும் பகிராதீர்கள்.
• வீட்டில், அறையில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும்.
• வீட்டுப் பூனை, நாய்க்கு முடி கொட்டி வட்டத் திட்டு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டத் திட்டு தெரிந்தால் உடனே போங்கள். கிரீம் மட்டும் அதற்குப் போதாது. சீழ், காய்ச்சல், கடும் வலி இருந்தாலும் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் காத்திருக்க வேண்டாம். முகம், பிறப்புறுப்பு, நகத்தில் பரவினாலோ, இரண்டு வாரம் பூஞ்சை கிரீம் போட்டும் குறையவில்லை என்றாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். படர்தாமரை திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எங்கே போகலாம்?

மணவாள நகர், திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்த மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வரும் மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்தால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கும் தோல் சிகிச்சைப் பிரிவு உண்டு.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடும்பத்தினருக்கும் இதில் சிகிச்சை உண்டு. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாதவர்கள் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்பது உண்மையான கவலைதான். ஆனால் மாதாமாதம் வாங்கும் டியூப், தூக்கம் கெட்ட இரவுகள், வீட்டில் ஒவ்வொருவருக்காகப் பரவுவது, கடைசியில் மறையாத தழும்பு என்று கணக்குப் போட்டால் அந்த ஒருநாள் பெரிதில்லை. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் டியூப்பை எடுத்து அதில் உள்ள மருந்துப் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.